மான்டிஸ் இறாலுக்கு ஓடு அரிப்பு நோய்: மருந்தா, தனித் தொட்டியா, காத்திருப்பதா?

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மான்டிஸ் இறாலின் (முன்கையால் இரையை அடித்தோ குத்தியோ பிடிக்கும் ஓட்டுயிரி) வால் விசிறியிலோ முதுகுத் தகடுகளிலோ பழுப்பாக ஒரு பள்ளம் தெரிகிறது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது அகன்றிருக்கிறது. விசாரித்தால் ஒருவர் ஆன்டிபயாடிக் போடச் சொல்கிறார், இன்னொருவர் அயோடின் விடச் சொல்கிறார், மூன்றாமவர் கையே வைக்காதீர்கள் என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருப்பதுதான் சிக்கல். ஒரு சூழ்நிலையில் காப்பாற்றும் வழி இன்னொரு சூழ்நிலையில் உயிரை எடுத்துவிடும்.

தேர்வு செய்வதற்கு முன் ஓட்டைப் பற்றி ஒன்று புரிந்திருக்க வேண்டும். ஓடு உயிரற்றது. அடியில் உள்ள தோல் சுரந்து இறுகிய அடுக்குகளால் ஆனது. நம் நகத்தைப் போல, அரித்துப்போன இடம் தானாக நிரம்பாது. மேலே மெழுகும் புரதமும் கலந்த மெல்லிய படலம் இருக்கிறது. அதன் கீழே கைட்டினும் கால்சியமும் சேர்ந்த தடித்த அடுக்குகள். மேல்படலம் பழுதில்லாமல் இருக்கும்வரை கைட்டினைத் தின்னும் பாக்டீரியாக்களால் எளிதில் உள்ளே போக முடியாது. விப்ரியோ போன்ற இனங்கள் கடல்நீரில் எப்போதும் இருப்பவைதான். கீறலோ உரசலோ கெட்ட தண்ணீரோ அந்தப் படலத்தைக் கெடுத்ததும் அவை கீழடுக்கை அரிக்கத் தொடங்குகின்றன.

ஆகவே எந்த மருந்தும் பள்ளத்தை மூடாது. மிஞ்சிப்போனால் அரிப்பை நிறுத்தும். நோய் பிடித்த ஓட்டை அப்படியே கழற்றிப் போடுவது சட்டை உரிப்பு (பழைய ஓட்டை உதறிப் புதிய ஓடு பெறுவது) ஒன்றுதான். "எந்த மருந்து?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது சட்டை உரித்தது?" என்பதைத்தான்.

கடல் லாப்ஸ்டர்களில் இந்த நோய் 1937-லேயே விவரிக்கப்பட்டுவிட்டது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவின் தெற்கு நியூ இங்கிலாந்துக் கடற்பகுதியில் அது பெரிய அளவில் பரவியபோது, முட்டை சுமக்கும் பெண் லாப்ஸ்டர்களே அதிகம் பாதிக்கப்பட்டன. முட்டையைச் சுமக்கும் நீண்ட காலத்தில் அவை சட்டை உரிப்பதில்லை, அதனால் அரிப்புக்கு அவகாசம் கிடைக்கிறது. மான்டிஸ் இறால்களில் வண்ணமயமான இனமான மயில் மான்டிஸ் இறாலிலும் இதே கணக்குதான். குட்டி அடிக்கடி சட்டை உரித்துத் தப்பித்துக்கொள்ளும். முழு வளர்ச்சி அடைந்த பெரிய இறால் ஒரு சட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே பல மாதங்கள் எடுக்கும். நோய் முற்றுவது பெரும்பாலும் பெரியவற்றில்தான்.

## முதலில், இது அந்த நோய்தானா?

கருப்பாக இருப்பதெல்லாம் நோயல்ல. ஓட்டுயிரிகளின் உடல் காயத்தை மெலனின் கொண்டு அடைக்கும். அந்தக் கரும்புள்ளி வழுவழுப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும், வளராது. அது உடல் தன்னைக் காத்துக்கொண்டதன் அடையாளம். இரையை அடித்து உடைக்கும் இனங்களின் குண்டுக்கை (குண்டு போல் தடித்த முன்கை) நத்தை ஓட்டை அடித்து அடித்துத் தேய்வதும் இயல்பானது; அடுத்த சட்டையில் புதிய மேற்பரப்பு வந்துவிடும். சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது உடல் முழுதும் மங்குவதும், முதுகில் பாசி படிவதும் நோயாகாது.

அரிப்பு நோயின் அடையாளம் வேறு. பள்ளம் இருக்கும், ஓரம் பிசிறாக இருக்கும், பழுப்பு அல்லது செம்பழுப்பு நிறம் பரவிக்கொண்டே போகும், புள்ளிகள் ஒன்றோடொன்று சேரும். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், சில நாள்களுக்கு ஒருமுறை படம் எடுத்து வையுங்கள். நினைவை நம்பி "பெரிதாகிவிட்டது" என்று முடிவெடுப்பவர்கள்தான் தேவையில்லாமல் மருந்து ஊற்றுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பவை ஐந்து. அரிப்பு எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம்? அடுத்த சட்டை உரிப்பு எவ்வளவு தூரத்தில்? அந்த மருந்து அரிப்பு உள்ள அடுக்கை உண்மையிலேயே எட்டுமா? சிகிச்சையே இறாலுக்குச் செய்யும் தீங்கு எவ்வளவு? தொட்டிக்கும் அதில் வாழும் மற்றவற்றுக்கும் என்ன ஆகும்?

இவற்றில் இரண்டாவதுதான் மற்றவற்றைத் தீர்மானிக்கிறது. சட்டை உரிப்பு தேதியைக் குறித்து வைக்காதவர்கள் இனியாவது தொடங்குங்கள். தேதி தெரியாவிட்டால் அறிகுறிகளைப் பாருங்கள்: சாப்பாட்டைத் தொடாமல் விடுவது, வளை வாயைக் கல்லும் சிப்பித்துண்டும் வைத்து அடைப்பது, நிறம் மங்குவது. முன்பு ஒரு கால் இழந்திருந்தால் அந்த இடத்தில் வளரும் மொட்டு பருப்பதும் சட்டை நெருங்குவதைக் காட்டும்.

## வழி 1: இருக்கும் இடத்திலேயே வைத்து, சூழலைத் திருத்தி, சட்டை உரிப்புக்குக் காத்திருத்தல்

பலருக்கு இது "ஒன்றும் செய்யாமல் இருப்பது" போலத் தோன்றுகிறது. ஒழுங்காகச் செய்தால் எல்லா வழிகளிலும் உழைப்பு அதிகம் கேட்பது இதுதான்.

தண்ணீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் குறைவாக இருக்க வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி எண் 1.023-க்கும் 1.026-க்கும் இடையில், வெப்பம் 22 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் ஏற்ற இறக்கமில்லாமல். கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1300 மில்லிகிராம். புதிய ஓடு இறுகுவதற்கு இவை வேண்டும். ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றி அதிர்ச்சி கொடுப்பதைவிட, சிறு அளவில் அடிக்கடி மாற்றுவது மேல்.

வெளிச்சத்தைக் குறையுங்கள். மயில் மான்டிஸ் இறால் இயற்கையில் பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர் ஆழத்தில், பவளச் சிதைவுகளுக்கு இடையே வளை தோண்டி வாழ்வது. பவளம் வளர்ப்பதற்கான பிரகாசமான விளக்கின் கீழ் வைத்த இறால்களுக்கு இந்த நோய் அதிகம் வருவதாக நெடுநாள் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நான் அதை முழுமையாக நம்புகிறேன். அழகுக்காக இறாலைப் பவளத் தொட்டியில் வைப்பவர்கள் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது அந்த விளக்கைத்தான்.

வளை போதுமான நீளமாக, இருண்டதாக, உள்ளே மடங்கித் திரும்பும் அளவு அகலமாக இருக்க வேண்டும். குறுகலான வளையில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வாலும் முதுகும் உரசும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: வளைக்குள் சேரும் நண்டு ஓடு, இறால் தோல் ஆகிய மிச்சங்கள். அவையும் கைட்டின்தான். அங்கே கைட்டின் தின்னும் பாக்டீரியாக்களுக்கு விருந்து நடந்துகொண்டிருக்க, அதன் மேலேயே நோயாளி படுத்திருக்கிறது. உறிஞ்சு குழாயால் வளை வாயைத் தவறாமல் சுத்தம் செய்யுங்கள். உணவையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். உறைய வைத்த ஒரே வகை மீன் துண்டு மட்டும் போதாது. நத்தை, சிப்பி, நண்டு, இறால் எல்லாம் சுற்றில் வரட்டும்.

மறைவான செலவு காலம்தான். அரிப்பு வேகமாக இருந்து, சட்டை தொலைவில் இருந்தால், நீங்கள் காத்திருக்கும்போதே அது அடுக்குகளைத் தாண்டிச் சதையை எட்டிவிடும். அப்படி எட்டினால் பழைய ஓடு அந்த இடத்தில் புதிய ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். சட்டை பாதி உரிந்த நிலையில் சிக்கி இறப்பது இப்படித்தான்.

மேலோட்டமான அரிப்பு, மெதுவான பரவல், நன்றாகச் சாப்பிடும் இறால்: இதற்கு இந்த வழியைவிடச் சிறந்தது இல்லை. சட்டை உரிப்பு நெருங்கிவிட்டதென்றால், நோய் எந்த நிலையில் இருந்தாலும் இது ஒன்றே வழி.

## வழி 2: தனித் தொட்டிக்கு மாற்றுதல்

இதைச் சிகிச்சை என்பதைவிடச் சிகிச்சைக்கான இடம் என்றே சொல்ல வேண்டும். அடியில் மணலில்லாத சிறு தொட்டியில் மிச்சம் சேராது, தண்ணீரை உங்கள் விருப்பப்படி மாற்றலாம், இறாலைத் தினமும் பார்க்கலாம். மருந்து கொடுப்பதென்றால் இது கட்டாயம்.

ஆனால் புதுத் தொட்டியில் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா இருக்காது. அசைவ உணவு தின்னும் இந்த உயிர் வெளியேற்றும் அம்மோனியா அங்கே விரைவில் ஏறும். பழைய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்சை எடுத்து வைத்தாலும் தினசரி சோதனை தேவை. அதைவிடப் பெரிய ஆபத்து செம்பு. முன்பு மீன்களுக்குச் செம்பு கலந்த மருந்து போட்ட தொட்டி, கல், மணல் எதையும் பயன்படுத்தாதீர்கள். சுண்ணாம்புக் கற்கள் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும். மீன் தாங்கும் அளவு செம்பு ஓட்டுயிரிகளைக் கொன்றுவிடும்.

மாற்றுவதற்கு வலை வேண்டாம். அது பிவிசி குழாயில் வசித்தால், தண்ணீருக்கு அடியிலேயே இரு முனைகளையும் மூடி, குழாயோடு சேர்த்துத் தூக்கலாம். வளையும் அதோடு போவதால் பதற்றம் பாதியாகக் குறையும். பாறைக்குள் குடியிருக்கும் இறாலை வெளியே இழுக்கத் தொட்டியையே கலைக்க வேண்டும் என்றால், மாற்றுவதால் வரும் நன்மையை அந்தக் கலைப்பே தின்றுவிடும். வளை வாயை அடைத்துக்கொண்ட இறாலை எந்தக் காரணத்துக்காகவும் இடம் மாற்றாதீர்கள்.

## வழி 3: அரிப்பின் மேல் கிருமிநாசினி தடவுதல்

பொவிடோன் அயோடின் தடவலாம் என்ற யோசனை கேட்க எளிமையாக இருக்கிறது. செய்வது எளிதல்ல. மயில் மான்டிஸ் இறாலின் அடி நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை போகும், அதன் உச்ச விசை 1500 நியூட்டன் அளவு பதிவாகியிருக்கிறது. கைக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். பிடிபட்ட இறால் பாத்திரத்தையும் தன்னைப் பிடித்த கருவியையும் அடித்துத் தன் ஓட்டையே உடைத்துக்கொள்ளும் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. நோய் புகுந்த வாசலே காயம்தான். சிகிச்சையின் பெயரால் இன்னொரு வாசலைத் திறந்துவிடுகிறோம்.

உடலமைப்பும் தடையாக இருக்கிறது. ஸ்டோமட்டோபாட்களின் (மான்டிஸ் இறால்கள் சேர்ந்த வகை) செவுள்கள் தலைப்பக்க ஓட்டுக்குள் இல்லை. வயிற்றின் கீழுள்ள நீந்துகால்களில் இருக்கின்றன. வயிற்றுத் தகட்டின் ஓரத்தில் தடவும் மருந்து நேராகச் செவுளில் வழியும். வால் விசிறியின் நுனியில் உள்ள புள்ளிக்கு மட்டும்தான் இதை நான் ஏற்றுக்கொள்வேன். அதுவும் நீர்வாழ் உயிரிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் மயக்கம் கொடுத்துச் செய்தால் மட்டும். மேலே தடவும் மருந்து ஆழமான பள்ளத்தின் அடியை எட்டுமென்று எதிர்பார்க்காதீர்கள்.

## வழி 4: ஆன்டிபயாடிக் குளியல்

வேகமாகப் பரவும் அரிப்புக்கு முன் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். நோய்க்குக் காரணம் பாக்டீரியா என்பதால் தர்க்கம் சரியாகவே படுகிறது. நடைமுறையில் மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது வேதியியல். ஆக்சிடெட்ராசைக்ளின் கடல்நீரில் உள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்து பெருமளவு செயலிழந்துவிடும். நன்னீர் மீன்களுக்கு எழுதிய அளவை அப்படியே கடல்நீரில் போட்டால் மருந்து போட்டதாக நமக்குத் தோன்றும், அவ்வளவுதான். பாதி வலுவிலான மருந்து எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாக்களைத்தான் வளர்க்கும். இரண்டாவது, குளியல் மருந்து மேற்பரப்பைத்தான் தொடும். சதைக்குள் இறங்கிவிட்ட தொற்றை எட்டுவது கடினம். மூன்றாவது, முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் பயோ ஃபில்டரில் (அம்மோனியாவை நீக்கும் வடிகட்டி) உள்ள பாக்டீரியாக்களும் சாகலாம். அம்மோனியா ஏறும், நோயாளியின் நிலை இன்னும் மோசமாகும்.

இவற்றோடு கணக்கில் சேராத செலவுகளும் உண்டு. பல நாடுகளில் மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மருந்துகள் வாங்க முடியாது. மருந்து கலந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவதும் சரியல்ல; எப்படி அப்புறப்படுத்துவது என்று மருத்துவரிடமே கேளுங்கள். மீன் மருந்துப் புட்டிகளில் ஆன்டிபயாடிக்கோடு வேறு சரக்கும் கலந்திருக்கும். செம்போ ஃபார்மலினோ இருக்கிறதா என்று சேர்மானப் பட்டியலை வரி விடாமல் படியுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஒரு சூழ்நிலையில் இதுவே சரி: அரிப்பு கண்முன்னே பரவுகிறது, இன்னும் சதையைத் தொடவில்லை, சட்டை உரிப்பு பல வாரங்கள் தள்ளி இருக்கிறது, இறால் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறது. அப்போது தனித் தொட்டியில், மருத்துவர் கடல்நீருக்கென்று கணக்கிட்ட அளவில் கொடுக்கலாம். நோக்கம் அடுத்த சட்டை வரை நாள்களை ஈட்டுவது.

## வழி 5: உணவில் மருந்து

குளியலுக்கு நேர் எதிரான இயல்பு இதற்கு. குடல் வழியாக உடல் திரவத்தில் கலக்கும். ஆனால் ஓடு உயிரற்றது, அதற்குள் அந்தத் திரவம் பாய்வதில்லை. ஓட்டில் மட்டும் நிற்கும் அரிப்புக்கு இதனால் பயன் சொற்பம். அரிப்பு ஓட்டைக் கடந்து, அடியில் மென்மையான சதை தெரியும் நிலையில்தான் இதற்கு வேலை வருகிறது.

இறாலைத் தொட வேண்டாம், தொட்டியைக் கலைக்க வேண்டாம் என்பது பெரிய ஆறுதல். குறை, அது சாப்பிட்டாக வேண்டும். நோய் முற்றினாலும் சட்டை நெருங்கினாலும் முதலில் நிற்பது சாப்பாடுதான். எனவே ஆழமான அரிப்பு என்று தெரிந்த அன்றே மருத்துவரைக் கேளுங்கள். பசி நின்ற பிறகு இந்தக் கதவு மூடிவிடும்.

## வழி 6: சட்டை உரிப்பைத் துரிதப்படுத்துதல்

சட்டை உரிப்புதான் தீர்வு என்றால் அதை முன்கூட்டியே வரவழைக்கலாமே என்று தோன்றும். அயோடின் சொட்டு விடுவது இதற்காகத்தான் சொல்லப்படுகிறது. தொடர்ந்து தண்ணீர் மாற்றும் தொட்டியில் தேவையான அயோடின் கடலுப்பிலேயே வந்துவிடுகிறது. அளவு மீறினால் அது நஞ்சு. வெப்பத்தை ஏற்றினால் இறாலின் உடல் இயக்கத்தோடு பாக்டீரியாவின் வளர்ச்சியும் வேகமெடுக்கும். சட்டை உரிப்பைத் தடுக்கும் ஹார்மோன் கண்தண்டில் இருப்பதால், இறால் பண்ணைகளில் கண்தண்டை அகற்றும் முறையைப் பற்றிப் படித்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. உலகின் மிக நுட்பமான கண்களைக் கொண்ட உயிருக்கு அதைச் செய்ய நினைப்பதே கொடுமை.

போதுமான சத்துச் சேரும் முன் வரும் சட்டை மெல்லிய ஓட்டையே தரும். நல்ல உணவும் நிதானமான சூழலும் கொடுத்து, காலத்தை இறாலிடமே விடுங்கள். இந்த வழியை எந்த நிலைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## சேர்த்துப் பார்த்தால்

| அரிப்பின் நிலை | சட்டை உரிப்பு நெருக்கத்தில் | சட்டை உரிப்பு தொலைவில் |
|---|---|---|
| மேலோட்டம், நகராதது | வழி 1. தொடவே வேண்டாம் | வழி 1. படம் எடுத்துக் கண்காணிப்பு |
| மேலோட்டம், வேகமாகப் பரவுவது | வழி 1. வெளிச்சம் முற்றிலும் குறைத்து | வழி 2-உம் 4-உம் சேர்த்து, மருத்துவர் மேற்பார்வையில் |
| ஆழம், சதை தெரிகிறது, சாப்பிடுகிறது | வழி 1. நம்பிக்கை குறைவு | வழி 5, உடனே |
| ஆழம், சாப்பாடு நின்று சோர்ந்தது | வழி 1 | வலியில்லாமல் உயிரை முடிப்பது பற்றி மருத்துவரிடம் பேசுதல் |

கடைசிக் கட்டத்தில் ஒரு கவனம் தேவை. சாப்பாட்டை நிறுத்தியது சோர்வாலா, சட்டைக்காகவா என்பதைப் பிரித்தறிய வேண்டும். சட்டைக்குத் தயாராகும் இறால் வளைக்குள் இருந்து வாயை அடைக்கும். சாகும் நிலையில் உள்ளது பெரும்பாலும் வெளியே, திறந்த இடத்தில் கிடக்கும், நிழல் பட்டாலும் கண்ணைத் திருப்பாது. இரண்டாவது நிலையை உறுதிசெய்த பிறகே முடிவைப் பற்றிப் பேச வேண்டும். உயிரோடு உறைபெட்டியில் வைப்பதையோ நன்னீரில் போடுவதையோ செய்யாதீர்கள். முதலில் மயக்கம் கொடுத்துப் பிறகு முடிக்கும் முறை மருத்துவரிடம் உண்டு.

## சட்டை உரித்த பிறகு

வளையைத் தோண்டிப் பார்க்காதீர்கள். புதிய ஓடு இறுகச் சில நாள்கள் பிடிக்கும், குண்டுக்கை இறுக இன்னும் கூடுதல் நேரமாகும். அதுவரை அதனால் அடிக்க முடியாது. அதே தொட்டியில் நண்டோ பெரிய ஹெர்மிட் நண்டோ இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். தானாக வெளியே வந்து உணவைத் தேடும்போது மென்மையான துண்டுகளிலிருந்து தொடங்குங்கள்.

ஆரோக்கியமான இறாலின் பழைய சட்டையை உள்ளேயே விடுபவர்கள் உண்டு. நோயுற்றதன் சட்டையை, அது வெளியே தள்ளியதும் எடுத்துவிடுங்கள். பிறகு அதை நனைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். அரிப்பு இருந்த இடத்தில் ஓடு மெலிந்து மட்டும் இருந்தால், உள்ளே எட்டவில்லை என்று பொருள். ஊடுருவித் துளையே விழுந்திருந்தால், புதிய ஓட்டில் அதே இடத்தை முதல் மாதம் முழுக்கக் கவனியுங்கள். அங்கே குழியோ கருப்போ தெரிந்து, அது வளரவும் செய்தால், தோலே சேதமாகியிருக்கிறது. அப்போது அடுத்த சட்டையின் நாளை இப்போதே எண்ணத் தொடங்கி, மருத்துவரிடம் பழைய சட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.